மடத்து அட்டில்: அதன் அமைப்பும் அணியும்

நம் சங்கத்தார் திண்டுக்கல்லில் எடுப்பித்துவரும் மாணவர் விடுதிக்கு அட்டிற்சாலை ஒன்று அமைத்தல் வேண்டுமெனச் சென்ற திங்கள் கூடிய கூட்டத்தில் முடிவு செய்யப்பெற்றமை அன்பர்கள் அறிந்ததே. சுவர் முழுவதும் பூவேலை அமைந்த மெருகோடுகள் பதித்தல் வேண்டுமென ஒரு சாராரும், வாயில் நிலைக்கு மேல் நன்கொடையாளர் பெயர்களைக் கருங்கல்லிற் பொறித்தல் வேண்டுமென மற்றொரு சாராரும் மொழிந்தனர். முற்காலத்து மடங்களிலும் பள்ளிகளிலும் அட்டில்கள் எவ்வாறு அமைந்திருந்தன, எவ்வகை அணி பெற்றிருந்தன என்பதனை ஆராய்ந்து இவ்விதழுக்கு ஒரு கட்டுரை வரைந்துதருமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். காந்திகிராமத்தில் இருந்து சிறார்க்குத் தமிழ் கற்பிக்கும் எமக்குக் கட்டடத் தொழிலிற் பயிற்சி சிறிதும் இல்லை. ஆயினும் நூல்களும் கல்வெட்டுக்களும் கூறுவனவற்றைத் தொகுத்துரைத்தல் எமக்கு இயல்வதே ஆகலின் இப்பணியை மேற்கொண்டோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். அடுதல் என்பது சமைத்தல். அதனடியாகப் பிறந்தன அடுப்பு, அட்டில், அடிசில் என்பன. கோயில்களில் அமுது சமைக்கும் இடத்தை மடைப்பள்ளி என்கின்றோம். தென்கீழ்த் திசையாகிய அங்கி மூலையில் அதனை அமைத்தல் மரபு. இதன்கண் உள்ள பள்ளி என்னுஞ் சொல் நினைவிற் கொள்ளத்தக்கது. சமணரும் பௌத்தருமாகிய துறவோர் உறைந்த இடம் பள்ளி. சிறார் கற்கும் இடம் பள்ளி. சோறு அடும் இடமும் பள்ளியே. தவமும் கல்வியும் சோறும் ஒரு சொல்லின்கீழ்த் தங்குமாறு நம் முன்னோர் வழங்கினர் என்பது எண்ணுந்தோறும் இன்பம் பயப்பதாகும்.

துறவோர்க்குச் சோறு அளித்தற்பொருட்டுச் செய்யப்பெற்ற ஏற்பாட்டிற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்கு அண்மையில், ஐவர்மலை உளது. அம்மலைப் பாறையிற் சமணத் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அங்குள்ள கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792-இல், அஃதாவது கி.பி. 870-இல், பாண்டியன் இரண்டாம் வரகுணன் காலத்திற் பொறிக்கப்பெற்றது. சாந்திவீரக் குரவர் என்னும் சமணப் பெரியார் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கி, அவற்றிற்கு முட்டாது அவி படைத்தற்கும், அடிகள் ஒருவர்க்குச் சோறு இடுதற்கும் 505 காணம் பொன் வைத்தனர் என்பது அதன் கருத்து. அட்டிலின் நீளம் அகலங்களையோ சுவரின் அழகையோ அக்கல்வெட்டு கூறவில்லை. ஒருவர்க்குரிய சோறு குறைவுறாதிருத்தல் வேண்டும் என்பதனையே கூறுகின்றது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக அக்கல்லில் நிலைத்து நிற்பது அவ்வொருவருடைய சோற்றுக்கணக்கேயாம்.

இனி, அட்டிலின் அமைப்பையும் அணியையும் ஒருங்கே கூறும் பழந்தமிழ் நூல் பட்டினப்பாலை. கரிகாற் பெருவளத்தானைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அது. காவிரிப்பூம்பட்டினத்தில் அறம் நிலைபெற்றிருந்த அகன்ற அட்டில் ஒன்றைப் புலவர் நமக்குக் காட்டுகின்றார். அதன் கதவிற் சோழர்க்குரிய புலிப்பொறி விளங்குகின்றது. திண்ணிய மதில் அதனைக் காக்கின்றது. உள்ளே சோறு வடித்த கொழுங்கஞ்சி ஆற்றைப்போல் வெளியே பரந்து ஓடுகின்றது. அதில் எருதுகள் பொருதலாற் சேறு உண்டாகின்றது. அச்சேறு காய்ந்தபின் தேர்கள் ஓடுதலால் துகள் எழுகின்றது. அத்துகள் பல்வேறு ஓவியங்கள் எழுதப்பெற்ற வெண்மையான மாளிகையின்மேற் படிந்து அதனை மாசுபடுத்துகின்றது. நீறாடிய களிற்றை அம்மாளிகைக்கு உவமை கூறுகின்றார் புலவர்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. ஓவியம் எழுதிய சுவர் மாசுற்றதனைப் புலவர் குறையாகக் கூறினாரல்லர். நகரின் சிறப்பாகவே கூறினார். கஞ்சி ஓடிய தெருவின் துகள் ஓவியத்தின்மேற் படிதல் அவ்வூர்க்குப் பெருமை என்பது அவர்தம் கருத்துப்போலும். அணி வேண்டாவென்று அவர் கூறவில்லை. அவ்வட்டிலின் கதவிலும் புலிப்பொறி உண்டு. ஆயினும் அட்டிலுக்கு மெய்யான அணி அதனின்று வெளிப்படும் கஞ்சியின் பெருக்கே என்பதனை அவர் உவமையினாற் புலப்படுத்தினார். அவ்வட்டிலை அடுத்து எருதுகளின் சாலைகளையும், சோலை சூழ்ந்த தவப்பள்ளிகளையும் அவர் வரிசையாகக் கூறிச் செல்கின்றார். துறவோர் பள்ளியும் ஊரார் அட்டிலும் ஒன்றற்கொன்று அயலாக இருந்தமை இதனாற் பெறப்படும்.

காவிரிப்பூம்பட்டினத்து அட்டிலை இன்று சொல்லளவிலேயே காண்கின்றோம். கல்லளவிற் கண்ணாரக் காணத்தக்க பழைய பள்ளியின் உணவுச்சாலை கடலுக்கு அப்பால் இலங்கையில் உளது. அநுராதபுரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ள மிகிந்தலைக் குன்றே அவ்விடம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஈராண்டு தங்கிய சீனத் துறவி பாகியான், இக்குன்றிற் பிக்குகள் இரண்டாயிரவர் இருந்தனர் என எழுதினார். அத்தனை பேர்க்கு நாள்தோறும் உணவளிக்க வேண்டுமாயின் எத்துணை ஒழுங்கு வேண்டும் என்பதனை இல்லறத்தார் எளிதில் உணர்வர்.

அவ்வுணவுச்சாலையின் நடுவே திறந்த முற்றம் உளது. அதனைச் சூழ அறைகளும் தூண்நிரைகளும் இருந்தமைக்கு அடையாளங்கள் காணப்படுகின்றன. நீண்ட கற்றொட்டிகள் இரண்டு அங்கே கிடக்கின்றன. சோற்றுக்கு ஒன்று, கஞ்சிக்கு ஒன்று என்பர். மேலேயுள்ள நாகபொக்குணை என்னும் குளத்திலிருந்து நீர் இறங்கிவர வழி செய்யப்பெற்றிருந்தது. பாத்திரங் கழுவிய நீர் தேங்காது வெளியேற வடிகால்களும் அமைக்கப்பெற்றிருந்தன. நெருப்பு, நீர், சோறு, கழிநீர் என்னும் நான்கிற்கும் தனித்தனி இடம் வகுத்தலே அட்டில் அமைக்கும் தொழில் என்பதனை அக்கற்கள் இன்றும் நமக்குக் கற்பிக்கின்றன.

அங்கு அணியில்லையோ எனின், உண்டு. ஆயின் அது சோற்றுத்தொட்டியின்மேல் இல்லை. நீர் வரும் இடத்தில் உளது. உணவுச்சாலைக்கு அண்மையில், பின்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் அரிமா ஒன்று ஆளுயரத்திற்குக் கல்லில் வடிக்கப்பெற்றுள்ளது. அதன் வாய்வழியே நீர் ஒழுகிற்று. மேலே சுற்றிலும் ஆடுவோர் முதலியோருடைய உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. குடம் ஏந்தி நீருக்கு வருவோன் கண்ணுக்கு அவ்வழகு விருந்தாயிற்று. பயன்படும் இடத்தையே அழகுபடுத்தினர் அச்சிற்பிகள்.

அட்டிலின் நடைமுறையும் அக்குன்றிற் கல்லிலே எழுதப்பெற்றுளது. 956 முதல் 972 வரை ஆண்ட நான்காம் மகிந்தன் என்னும் அரசன் பெரிய கற்பலகைகள் இரண்டில் அப்பள்ளியின் ஒழுங்குமுறைகளைப் பொறிப்பித்தான். பிக்குகள் வைகறையில் எழுந்து செய்யவேண்டுவன, அவர்கள் கஞ்சியும் சோறும் பெறும் முறை, அடுவோர் முதலிய பணியாளர்க்கு உரிய ஊதியம் என்பன அவற்றிற் காணப்படும். வரவு செலவுகளை நாள்தோறும் எழுதிவைத்து, திங்கட்கணக்கும் ஆண்டுக்கணக்கும் துறவோர் கூட்டத்தின்முன் வைக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. சோற்றைக் காட்டிலும் கணக்கு எளிதிற் கெட்டுப்போகும் என்பதனை அரசன் அறிந்திருந்தான்போலும்!

இத்துணை ஒழுங்குடைய அட்டில் என்னாயிற்று? அதனைச் சொல்லுங்கால் தமிழராகிய நாம் சிறிது தலைகுனிய வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசனுடைய படை இலங்கையிற் புகுந்தது. அநுராதபுரம் அழிவுற்றது, தலைநகர் பொலன்னறுவைக்கு மாறிற்று. 1017-இல் இராசேந்திரனுடைய படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைசெய்து சோழநாட்டிற்குக் கொண்டுவந்தது. சோழர் பள்ளிகளைக் கொள்ளையிட்டனர் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அரசன் அளித்த வருவாயால் நடந்த அட்டில்கள் அரசன் வீழ்ந்தபோது நலிந்தன. புலிப்பொறிக் கதவின் பின்னே அறச்சோறு அட்ட குலத்தார், பிறநாட்டார் அட்டிலுக்கு இடையூறு ஆயினர். பழம்பெருமை பேசும் நாம் இதனையும் உடன் பேசுதல் நேர்மையாகும்.

இனி, சுவர் முழுதும் மெருகோடு பதித்தல் வேண்டும் என்னும் அன்பர்களின் விருப்பத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் மேற்றிசை நாடுகளை நோக்கல் வேண்டும். போர்த்துக்கல் நாட்டில் அல்கோபாசா என்னும் ஊரில் 1153-இல் தொடங்கப்பெற்ற கிறித்தவத் துறவியர் மடம் ஒன்றுளது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் அட்டில் புதுக்கப்பெற்றது. சுவர்கள் கூரையளவும் மெருகோடுகளாற் போர்த்தப்பெற்றுள்ளன. நடுவே இரும்புத் தூண்கள் தாங்கப் பெரும்புகைபோக்கி வானளாவ எழுகின்றது; அதன் கீழே முழு எருதுகளை வாட்டத்தக்க அடுப்பிடம் உளது. அருகில் ஓடும் ஆற்றினின்று ஒரு கால்வாயை அட்டிலினுள்ளேயே திருப்பிக் கொணர்ந்திருக்கின்றனர். மெச்சிக்கோ நாட்டுப் புவெப்லா நகரத்துச் சாந்தா உரோசா கன்னியர் மடத்து அட்டிலும் சுவரும் வளைவும் கூரையும் ஒருங்கே வண்ண ஓடுகளாற் பொதியப்பெற்றுப் புகழ் வாய்ந்தது.

இவற்றின் அழகு பொருளற்றதன்று. புகையும் நெய்யும் படியும் சுவரை ஈரத்துணியால் ஒரு நொடியில் துடைத்துவிடலாம். பூச்சிகட்கும் இடம் இராது. ஆகலின் மெருகோடு அட்டிலுக்கு ஏற்றதே என்பது எம் கருத்து. ஆயினும் 1794-இல் அல்கோபாசாவிற்குச் சென்ற பெக்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர், அவ்வட்டிலைப் பெருந்தீனியின் கோயில் என்னும் கருத்துப்பட எள்ளி எழுதினார். துறவு பூண்டோர் தம் வயிற்றின்பொருட்டே இத்தனையும் அமைத்தனர் என்னும் எண்ணம் அயலார்க்கு உண்டாயிற்று. 1834-இல் அந்நாட்டு அரசாங்கம் துறவியர் மடங்களைச் சட்டத்தாற் கலைத்தபோது அவ்வடுப்பும் அணைந்தது. ஓடுகள் இன்றும் பளபளக்கின்றன. காண வருவோர் வியந்து செல்கின்றனர். உண்டு செல்வார் ஒருவரும் இலர்.

அல்கோபாசாவின் அடுப்பு அணைந்து 33 ஆண்டுகள் கழிந்தபின் தமிழ்நாட்டில் ஓர் அடுப்பு மூட்டப்பெற்றது. அதுவே வடலூரில் திருவருட்பிரகாச வள்ளலார் இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு. அடிகள் 1865-இற் சன்மார்க்க சங்கத்தை நிறுவினர். 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினர். எண்கோண வடிவினதாகிய சத்திய ஞானசபை 1872-இலேதான் திறக்கப்பெற்றது. இவ்வரிசையை அன்பர்கள் ஊன்றி நோக்குவாராக. கோயிலை எழுப்பிப் பின்னர் மடைப்பள்ளியைச் சேர்த்தல் உலகவழக்கு. அடிகளோ அட்டிலை முன்னே அமைத்து, ஐந்து ஆண்டுகட்குப் பின்னரே வழிபடுமிடத்தை அமைத்தனர். பசித்தவன் முன் பரம்பொருளைப் பேசுதல் தகாது என்பதனை அவர் செயலாற் காட்டினர்.

தருமச்சாலை தொடக்கத்தில் மண்சுவரும் கூரையுமாகவே இருந்தது. அதன்கண் உள்ள அடுப்பு 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உடையது. நம் ஊர்த் திருமணங்களிற் சமையற்காரர் வெட்டும் கோட்டை அடுப்பைக் கண்டவர்க்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். நீளவாட்டில் ஒரே நெருப்பு செல்ல, அதன்மேல் அண்டாக்களை வரிசையாக ஏற்றலாம். உண்போர் தொகை மிகுமாயின் விறகைக் கூட்டி மற்றொரு கொப்பரையை ஏற்றினாற் போதும். குறையுமாயின் ஒருபுறம் மட்டும் எரிய விடலாம். இத்தனை பேர்க்கு என்று முன்னரே வரையறுக்காமல், வருவோர் அனைவர்க்கும் சோறு இடக் கருதியவனுக்கு அன்றி இத்தகைய அடுப்பு வேண்டுவதில்லை. அடுப்பின் நீளமே அடிகளின் கொள்கையை உரைக்கின்றது என்று யாம் கொள்கின்றோம்.

அதற்கு ஓவியம் இல்லை, சிற்பம் இல்லை, மெருகோடு இல்லை. அன்று மூட்டிய நெருப்பு இன்றளவும் அணையவிடப்படாமல் இருத்தலே அதற்கு அணி. ‘அணையா அடுப்பு’ என்றே உலகம் அதனைப் போற்றுகின்றது. தருமச்சாலை தோன்றிய ஒன்பது ஆண்டுகட்குள், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைத் தாது ஆண்டுப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. அடிகள் 1874-இலேயே மேட்டுக்குப்பத்துத் திருமாளிகையில் மறைந்தருளினர். மூட்டியவர் கண்ணுக்குப் புலனாகாதபோதும் அடுப்பு அவரோடு மறையவில்லை.

இதற்குக் காரணம் யாது? மிகிந்தலையின் அட்டிலுக்கு அரசன் வருவாய் அளித்தான். அல்கோபாசாவின் மடம் தன் பெருநிலங்களை நம்பி வாழ்ந்தது. வடலூரிலோ பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். அன்றுமுதல் இன்றுவரை பெயர் அறியப்படாத பலர் அரிசியும் காயும் விறகும் கொண்டுவந்து இறக்குகின்றனர். இப்போது அறநிலையத் துறையின் மேற்பார்வை உண்டு. ஆயினும் ஊரார் கொடை நின்றதில்லை. தேசம், சமயம், சாதி, செய்கை என்பன பற்றி வேற்றுமை பாராது பசியொன்றையே நோக்கி உணவளித்தல் வேண்டுமென அடிகள் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் நூலில் வற்புறுத்தினர். எல்லார்க்கும் திறந்த கதவாகலின் எல்லாரும் அதனைத் தமது எனக் கருதினர்; தமது எனக் கருதியமையின் அணையவிடாது காத்தனர்.

கதவு சிறிது சாத்தப்படினும் யாது விளையும் என்பதற்கும் நம் நாட்டு வரலாற்றிற் சான்று உண்டு. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடைபெற்று வந்தது. நாட்டுத் தொண்டர்களை உருவாக்கும் நோக்கினதாகிய அவ்விடத்திற் பார்ப்பனச் சிறார் இருவர்க்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. இராமசாமியும் அதனை எதிர்த்தனர். காந்தியடிகள் வரையில் வழக்குச் சென்றது. நாடெங்குமிருந்து பொருள் பெற்று எழுந்த ஒரு நன்னிலையம் இரண்டு இலைகளின் இடத்தைப்பற்றி எழுந்த பிணக்கினாற் குலைந்தது. ஐயர் அறிவாலும் ஈகத்தாலும் உயர்ந்தவர். ஆயினும் அட்டிலில் நேர்ந்த ஒரு பிளவை அவரால் அடைக்க இயலவில்லை.

இதனை எழுதுங்கால் எம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றை மறைத்தல் முறையன்று. சென்ற தைத்திங்களில் நம்மவர் கூடிய விழாவொன்றிற் பந்தி வாயிலைக் காக்கும் பொறுப்பு எமக்கு அளிக்கப்பெற்றது. நண்பகலிற் சிறுவன் ஒருவன் வந்து நின்றான். “எந்த வீட்டுப் பிள்ளையப்பா?” என வினவினோம். அவன் விடை கூறாது எம் முகத்தை நோக்கினான். பின்னர்த் திரும்பிச் சென்றான். அவன் எம் வகுப்பிற் பயிலும் மாணாக்கன் என்பது அவன் முதுகைக் கண்ட பின்னரே எமக்கு விளங்கிற்று. அருகில் நடைபெற்ற கட்டட வேலைக்குத் தாயுடன் வந்திருந்தான். கூவி அழைத்திருக்கலாம், வரிசை நின்றமையாலும் நம்மவர் பலர் அருகில் இருந்தமையாலும் அழையாதிருந்துவிட்டோம். மறுநாள் வகுப்பில் அவன் பெயரைச் சொன்னபோது “உள்ளேன் ஐயா” என்றான். அன்று யாம் நடத்தவேண்டிய பாடம் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய பகுதி. அதனை நடத்தாது வேறு பாடத்தை எடுத்தோம்.

எம் பள்ளியில் அவனும் நம் பிள்ளைகளும் நாள்தோறும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். 1956-இற் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் விரிவுற்ற சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு ஆகியவற்றின் பயன் அது. அரசாங்கத்தின் அடுப்பு ஒன்றாக்கிய பிள்ளைகளை நம் சங்கத்தின் அடுப்பு பிரித்தல் தகுமோ?

நம்மவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள், நம் பிள்ளைகட்கே ஆகட்டும் என்பாரும் உளர். அவர்தம் கவலை பொருளற்றதன்று. வெளியூர் விடுதிகளில் இடமின்றி நம் முன்னோர் பிள்ளைகள் திண்ணைகளிற் படுத்துப் பயின்ற காலத்தை அவர்கள் மறவாதவர்கள். விடுதியில் இடம் நம்மவர்க்கு முதலில் ஆகுக; அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் அட்டில் வேறு, படுக்கையறை வேறு. உறங்குமிடம் எண்ணிக்கைக்கு உட்பட்டது. கோட்டை அடுப்பில் மற்றோர் அண்டாவிற்கு என்றும் இடம் உண்டு.

ஆகலின் யாம் வேண்டிக்கொள்வன இவை. அடுப்பு நீளமானதாக இருக்கட்டும். நீர் வரும் வழியும் கழிநீர் செல்லும் வழியும் முதலில் வகுக்கப்படட்டும். மெருகோடு, சுவரைக் கழுவும் உயரமளவும் பதிக்கப்படட்டும்; அழகு வேண்டுமாயின், மிகிந்தலையிற்போல, நீர்க்குழாய் உள்ள இடத்தில் அமையட்டும். வாயிலின் மேல் நன்கொடையாளர் பெயர்க்கு மாற்றாகத் திங்கள்தோறும் வரவு செலவுக் கணக்கைத் தொங்கவிடலாம். ஐவர்மலைக் கல்வெட்டு அடிகள் ஒருவர்க்குச் சோறு வைத்ததுபோல, நாள்தோறும் வெளியிலிருந்து வரும் மாணாக்கர் பதின்மர்க்கேனும், யாவர் மகன் என வினவாது, சோறு ஒதுக்கப்படட்டும். அப்பதின்மருள் முதலாமவர்க்கு ஓராண்டு ஆகும் அரிசிக்குரிய பொருளை இக்கட்டுரையோடு செயலாளரிடம் சேர்ப்பித்துள்ளோம்.

அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் இதனைச் சீர்தூக்கி முடிவு செய்வாராக. அட்டில் திறக்கும் நாளில் வாயிலில் நிற்கும் பொறுப்பை மீண்டும் எமக்கே அளித்தருளுமாறும் பணிவுடன் வேண்டுகின்றோம்.